ரொசாரியோ பேரில் இருந்த ஆகாயம்

ரயில்வேயில் இஞ்சின் ஓட்டி ரிடையரான டெஸ்மண்ட் ரொசாரியோ முதல் தடவையாகத் தன் வீட்டு ஓட்டுக்கு மேலே எழும்பிப் போன செவ்வாய்க்கிழமை, பல்லாவரம் வெட்டரன் லைன்ஸில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அன்றைக்குத் தண்ணி லாரி வரவில்லை. குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்த பெண்கள், கோடு போட்ட பைஜாமாவும் கையில் டீ கிளாஸுமாக ஒரு மனுஷன் தலைக்கு மேலே ஆடி ஆடிப் போவதைப் பார்த்து, அங்கேயிருந்து லாரி தெரிகிறதா அங்கிள் என்று கேட்டார்கள். அவரும் எட்டிப் பார்த்து, திரிசூலம் பக்கம் நிற்கிறது, டிரைவர் பரோட்டா சாப்பிடுகிறான் என்று சொல்லிவிட்டு, சர்ச் கட்டடத்தை ஒரு சுற்று சுற்றி, பெரிய ஏரியில் ஆகாயத்தாமரைக்கு நடுவில் குப்புற விழுந்தார். ஆள் கிடைத்தார், டீ கிளாஸ் கிடைக்கவில்லை. அது ஒரு செட்டில் இருந்த கிளாஸ் என்பதால் அவர் மனைவி டோரீன் ரெண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அவர் ஏன் மேலே போனார் என்றால், அதே நேரத்தில் பம்மலில், வாராந்திர விடுமுறைக்குச் சாத்திய ஒரு பியூட்டி பார்லருக்குள், கோமளவல்லி என்பவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு கம்பைத் தன் பக்கமாக இழுத்தாள். அவ்வளவுதான் காரணம். இதற்கு மேலே காரணம் வேண்டுகிறவர்கள் அந்தக் கம்பைத்தான் கேட்க வேண்டும்.

கோமளவல்லியின் பார்லர் இருக்கிற இடம் அப்படி. இறங்குகிற விமானமெல்லாம் அவள் மொட்டை மாடித் துணிக்கொடியைத் தொட்டுவிடுகிற மாதிரிதான் போகும். விமானம் வருகிற சத்தம் கேட்டால் அந்தப் பார்லரில் புருவம் எடுக்கிற நூல் நின்றுவிடும். நூலைப் பல்லில் கடித்தபடி அவளும், கண்ணை மூடியபடி நாற்காலியில் இருப்பவளும், அது தாண்டிப் போகிறவரை அசையாமல் இருப்பார்கள், ஏனென்றால் கட்டடம் அதிர்கிற நேரத்தில் இழுத்தால் ஒரு புருவம் மேலே ஏறிவிடும், அப்புறம் அந்தப் பெண் ஒரு மாசத்துக்கு யார் என்ன சொன்னாலும் நம்பாத முகத்தோடு திரிய வேண்டியதுதான். அவள் புருஷன் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக்; வருஷத்துக்கு ஒரு தடவை விமானத்தின் வயிற்றிலிருந்து இறங்கி, ஒரு மாசம் தூங்கி எழுந்து, மறுபடி அதே வயிற்றுக்குள் ஏறிப் போகிறவர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வயிற்றையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒரு நாளாவது அதன் மூஞ்சியை நேருக்கு நேர் பார்க்க வேண்டும் என்று வருகிற கஸ்டமரிடமெல்லாம் சொல்லுவாள். டிக்கெட் எடுத்தால் மறுபடி வயிற்றுக்குள்தானே உட்கார வேண்டும், அதனால் அது வேண்டாம் என்றும் சொல்லுவாள். அந்த ஆசையில் விளையாட்டு கிடையாது. ஆடி மாசம், கஸ்டமர் வராத மத்தியானங்களில், மொட்டை மாடியில் நின்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்ப்பாள், சில நாள் கண் கலங்கும்.

அப்படிப்பட்டவள் பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போய், பழைய பல்செட்டுக்கும் யாரோ முகம் தெரியாதவர்களின் கல்யாண ஆல்பத்துக்கும் நடுவில், விமானம் ஓட்டப் பழகுகிற சாஃப்ட்வேர் பெட்டியைப் பார்த்தால் விடுவாளா? உள்ளே ஒரு சி.டி., ஒரு கம்பு, காலுக்கு ரெண்டு மிதி. சந்தைக்காரன் நல்ல மனுஷன், எல்லாவற்றையும் சொல்லித்தான் கொடுத்தான். இது ரொசாரியோ என்கிறவர் பேரில் லைசென்ஸ் உள்ள சரக்கு, அவர் வாயால் சரி என்று சொன்னால்தான் பேர் மாறும், அதுவும் ஒரே ஒரு தடவைதான் மாறும், ஒரு ஆளுக்கு ஒரு மிஷின்தான், காப்பி போடக்கூடாது என்று மூச்சு விடாமல் சொன்னான். கோமளவல்லி சரி சரி என்று பெட்டியை ஸ்கூட்டியில் வைத்துக் கிளம்பினாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த ஸ்கூட்டியே சேலையூர் கணக்கு டீச்சர் ஒருத்தியின் பேரில்தான் இன்னும் ஓடுகிறது. கோமளவல்லி சிக்னலில் நிற்காமல் போனால் அபராதம் அந்த டீச்சருக்குப் போகும், அவள் முகத்தைக்கூட இவள் பார்த்ததில்லை. பார்லரின் கரண்ட் இணைப்பு, இறந்துபோன கட்டடச் சொந்தக்காரரின் இறந்துபோன அப்பா பேரில். கேஸ், மாமியாரின் தங்கை பேரில். பம்மலில் எல்லார் வீட்டிலும் அடுப்பு எரிவதும் விளக்கு எரிவதும் வேறு யாரோ ஒருத்தர் பேரில்தான், அதனால் இதுவரை யாரும் கெட்டுப்போனதில்லை. ஆகவே கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையில் 'வருக, டி. ரொசாரியோ' என்று வந்தபோது, வரேன் வரேன் என்று சொல்லிவிட்டு அவள் கம்பைப் பிடித்தாள்.

யார் பேரில் இருக்கிறதோ அவர்தானே பறக்க முடியும்? ரொசாரியோ பறந்தார்.

அன்றிலிருந்து பார்லரில் கூட்டமில்லாத மத்தியானங்களில் அவர் பறப்பது வழக்கமானது. முதல் வாரம் போலீஸ்காரர் ஒருத்தர் வந்து ஹெல்மெட் போடாமல் போகக்கூடாது என்றார், போட்டுக்கொண்டார். அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று இடுப்பில் சிவப்பு விளக்கு ஒன்றைக் கட்டிக்கொண்டார். டோரீன் அவருடைய சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிவைத்தாள், ஏனென்றால் சாப்பிட்ட உடனே மேலே போனால் அடுத்த வீட்டு மாடிக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். தெருக்காரர்களோ அவரைத் தங்கள் வசதிக்குப் பழக்கிக்கொண்டார்கள்: டேங்க் நிரம்பி வழிகிற வீட்டைப் பார்த்துச் சொல்லச் சொன்னார்கள், மாமரத்தில் மாட்டின காத்தாடியை எடுத்துத் தரச் சொன்னார்கள், டிசம்பர் வந்ததும் சர்ச் உச்சியில் நட்சத்திரம் கட்டுகிற வேலையை அவர் தலையில் கட்டினார்கள். திருப்புகிறது அவர் கையில் இல்லை என்று யாருக்கும் தெரியாததால், அவர் நட்சத்திரத்தோடு மசூதியைச் சுற்றிவிட்டு அம்மன் கோயில் கோபுரத்தில் போய் உட்கார்ந்ததை, சமய ஒற்றுமைக்காகச் செய்தார் என்று எல்லாரும் மெச்சினார்கள். ஒரு விஷயம்தான் மோசம். இறங்கத் தெரியாமல் தினம் ஒரு இடத்தில் விழுந்தார், முழங்கை முழுக்கப் பிளாஸ்திரி.

ஒரு சனிக்கிழமை, தலைக்கு டை அடிக்க வந்த டோரீன், பார்லர் மூலையில் இருந்த பெட்டியைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அவள்தான் அதைப் பழைய பேப்பரோடு சேர்த்து எடைக்குப் போட்டவள். கட்டிலுக்கு அடியில் பிரிக்காமலே கிடந்த பெட்டி, புருஷனைக் கேட்கவில்லை. தலையில் பாதி டையோடு அவள் எழுந்துபோய்ப் பெட்டியைத் தடவிப் பார்த்தாள், பக்கத்தில் இருந்த கம்பைச் சும்மா தள்ளிப் பார்த்தாள், கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்ததால் அந்நேரம் வெட்டரன் லைன்ஸில் ஷேவ் செய்துகொண்டிருந்த டெஸ்மண்ட் ஜன்னல் வழியாக வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் வெட்டரன் லைன்ஸிலிருந்து போன் வந்ததும் கோமளவல்லிக்கும் டோரீனுக்கும் எல்லாம் விளங்கிவிட்டது.

மறுநாள் அவர் பாதி ஷேவ் செய்த முகத்தோடே வந்தார். நீதானா என்னை ஓட்டுகிறவள் என்று கேட்டார். மன்னிச்சுக்கோங்க அங்கிள், இப்பவே பேரை மாத்திடலாம், நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், இனிமே உங்களுக்குத் தொந்தரவு இருக்காது என்றாள் கோமளவல்லி.

டெஸ்மண்ட் நாற்காலியில் உட்கார்ந்து வாஷ்பேசினைப் பார்த்தார்.

"சர்வீஸ் முழுக்க இஞ்சின் ஓட்டினேன்மா," என்றார். "ஒரு நாள்கூட நானா லெஃப்ட்ல திரும்பினதில்ல. தண்டவாளம் திரும்பினா நானும் திரும்புவேன், அவ்ளோதான். ரிடையரானப்புறம் ஆசையா என் பேரை எழுதிக் குடுத்து இதை வாங்கினேன், பயத்துல பிரிக்கவே இல்ல. அன்னைக்கு சர்ச்சுக்கிட்ட நீ லெஃப்ட்ல ஒரு திருப்பு திருப்பினே பாரு." எழுந்து வாசல்வரை போய்த் திரும்பி, "பேர் அப்படியே இருக்கட்டும். நீ லேண்டிங்கை மட்டும் ஒழுங்கா கத்துக்கோ," என்றார்.

இதில் கோமளவல்லிக்கு வந்த சங்கடத்தை யாரிடம் சொல்ல? கற்றுக்கொள்கிறவள் இவள், பறக்கிறவர் அவர். கம்பு இவள் கையில், காற்று அவர் முகத்தில். ராப்பகலாக மனசு அடித்துக்கொண்டது: கேட்டால் அந்த மனுஷன் தரமாட்டேன் என்று சொல்லமாட்டார், ஆனால் தந்துவிட்டால் பேர் திரும்பி மாறாது, அவர் செத்தாலும் மறுபடி மேலே போக முடியாது. கேட்காமல் விட்டால் இவள் சாகும்வரை வயிற்றைப் பார்க்க வேண்டியதுதான். சரி, மேலே போகிறவராவது பார்த்துச் சொல்லட்டும் என்று, விமானத்தின் மூஞ்சி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். கிட்டே வந்தால் பயத்தில் கண்ணை மூடிக்கொள்கிறேன்மா என்றார். அவளுக்கு ஆத்திரமாக வந்தது. என்றாலும் லேண்டிங்கைக் கற்றுக்கொண்டாள், அவருடைய பிளாஸ்திரிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன, அவர் பைஜாமாவை விட்டுவிட்டு இஸ்திரி போட்ட பேண்டில் பறக்கத் தொடங்கினார்.

அடுத்த மழைக்காலத்தில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. பக்கத்துக் கடை கிருபாகரன், மொபைல் ரிப்பேர் செய்கிறவன், வந்து சரிசெய்து கொடுத்துவிட்டு, கூலி வேண்டாங்க்கா, இதை ஒரு காப்பி போட்டுக்கட்டுமா என்று கேட்டான். அன்றைக்கு முகூர்த்த நாள், ஒரு கல்யாணப் பெண் ஒரு கண்ணில் மையோடும் ஒரு கண்ணில் மையில்லாமலும் காத்திருந்தாள், கோமளவல்லி திரும்பிக்கூடப் பார்க்காமல் போட்டுக்கோ போ என்று சொல்லிவிட்டாள். சந்தைக்காரன் அத்தனை தடவை சொன்னது அவள் ஞாபகத்தில் எட்டிப்பார்த்துவிட்டு, மையை எடுக்கிற அவசரத்தில் திரும்பிப் போய்விட்டது.

கிருபாகரன் ரீசார்ஜ் பண்ண வந்தவர்களுக்கெல்லாம் காசு வாங்கிக்கொண்டு, ஒரு கம்பும் சேர்த்து, பென்டிரைவில் போட்டுக் கொடுத்தான். கவுன்சிலராக இருப்பது மனைவி என்றாலும் கவுன்சிலர் வேலையைப் பார்க்கிற பஞ்சாட்சரம், யார் வீட்டில் திருட்டு மோட்டார் போட்டிருக்கிறார்கள் என்று பார்க்க டெஸ்மண்டை அனுப்பினார். பள்ளிக்கூடக் கரஸ்பாண்டெண்ட், அட்மிஷன் பேனரை அவர் காலில் வருகிற மாதிரி பார்த்துக்கொண்டார். மாடி வீட்டு அமிர்தம் டீச்சர், குடியிருப்பவர்கள் மொட்டை மாடியில் என்னதான் செய்கிறார்கள் என்று பார்க்க அவரைத் தினம் ரெண்டு வேளை நிறுத்திவைத்தாள். பாவம் இல்லையா என்று யாராவது கேட்டால், ரிடையரானவர், சும்மாதானே இருக்கிறார் என்றார்கள். டெஸ்மண்ட் சாப்பிட மட்டும் கீழே வந்தார், அதையும் சில நாள் டோரீன் மாடியேறி ஊட்ட வேண்டியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அவர் கோட்டும் சூட்டுமாகச் சர்ச் வாசலில் நின்றபோது, ஊரில் காப்பி வைத்திருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கம்பைப் பிடித்தார்கள். லீவு நாள் அல்லவா. டெஸ்மண்ட் மேலே எழும்பினார், ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள், அவர் எந்தப் பக்கமும் போக முடியாமல் ஜவ்வு மிட்டாய் மாதிரி நீள ஆரம்பித்தார். ஒரு கை அனகாபுத்தூர் பக்கம் போனது, ஒரு கால் குரோம்பேட்டை மேம்பாலத்தைத் தாண்டியது, கோட்டின் நிழல் கறிக்கடை வரிசை முழுக்க விழுந்தது, வெயிலில் நின்றவர்கள் நல்லதாகப் போயிற்று என்று நிழலுக்கு நகர்ந்தார்கள். இறங்க இடமில்லாமல் விமானங்கள் கடலுக்கு மேலே வட்டமடித்தன. டோரீன் சர்ச்சுக்குப் போட்ட ஹீல்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு பம்மலுக்கு ஓடிவந்து, அவருக்கு மூச்சு வாங்குது கோமு, நெஞ்சு மெலிஞ்சுக்கிட்டே போகுது என்றாள்.

கோமளவல்லி தன் மிஷினை அணைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. வீடு வீடாக ஓடிக் கதவைத் தட்டினாள். எல்லாரும் அணைத்தால் நானும் அணைக்கிறேன் என்றார் பஞ்சாட்சரம். காசு கொடுத்து வாங்கினது, எதுக்கு அணைக்கணும் என்றாள் அமிர்தம் டீச்சர். கரஸ்பாண்டெண்ட் கதவையே திறக்கவில்லை, உள்ளேயிருந்து மீட்டிங் என்று மட்டும் சொன்னார். ஒரு வீட்டில், நீயும்தானே ஓசிப் பேரில் ஓட்டினாய் என்று கேட்டார்கள்.

அவள் பார்லருக்குத் திரும்பி மிஷினைப் போட்டு, பேர் மாற்றுகிற இடத்தில் தன் பேரை அடித்தாள். பழைய உரிமையாளருக்குச் சம்மதமா என்று திரை கேட்டது. நல்லவேளை, டெஸ்மண்டின் ஒரு காது பம்மலுக்கு மேலேதான் இருந்தது, முறம் அளவுக்கு. அவள் வாசலில் நின்று சாதாரணமாகவே பேசினாள்.

"அங்கிள், பேரை எனக்குக் குடுத்துடுங்க."

"குடுத்தா உன்னை இழுப்பாங்கம்மா."

"இழுக்கட்டும். போட்டுக்கோன்னு சொன்ன வாய் என் வாய்தான்."

"ஒரு தடவைதான் மாறும், இல்ல?" என்றார்.

"ஆமா அங்கிள்."

"அப்போ கடைசியா ஒரு லெஃப்ட் மட்டும் திருப்பும்மா."

கோமளவல்லி ஓடிப்போய் உட்கார்ந்து, உடம்பிலிருந்த பலம் முழுவதையும் கொடுத்துக் கம்பை இடது பக்கம் சாய்த்தாள். ஊர் முழுக்க எதிர்ப்பக்கம் இழுக்கிறது. அவர் ஒரு சாண்தான் திரும்பினார். போதும்மா, நல்லா இருந்தது என்றார் அவர். அப்புறம், சரி, குடுத்துட்டேன் என்றார்.

திரையில் 'வருக, கோமளவல்லி' என்று வந்தது. டெஸ்மண்ட் பழைய அளவுக்குச் சுருங்கி, கோட்டு கசங்கி, பார்லர் வாசலில் மெல்ல இறங்கினார். அவர் இறங்கின வழியிலேயே அவள் மேலே போனாள், ஏப்ரனோடும் தலையில் நாலு கிளிப்போடும். ஊரே அவளைப் பிடித்து இழுத்தது. உயிர் போகிற வலி. ஒரு தோள் பொழிச்சலூர் பக்கம் போகத் தொடங்கியபோது, கோமளவல்லி இத்தனை வருஷம் மூடியிருந்த வாயைத் திறந்தாள்.

அதுவரை அந்த ஊரில் எந்த முகத்தின் ரகசியமும் அவளைத் தாண்டி வெளியே போனதில்லை. அதுதான் அவள் தொழில். இப்போது அவள் குரல் மைக் வைத்த மாதிரி ஊர் முழுக்கக் கேட்டது.

"பஞ்சாட்சரம் சார், அமாவாசைக்கு அமாவாசை பின்வாசல் வழியா வந்து மீசைக்கு நான் என்ன தடவி விடறேன்னு சொல்லட்டுமா?"

ஒரு இழுப்பு நின்றது. கரஸ்பாண்டெண்ட் சார், பலமா காத்தடிச்சா நீங்க ஏன் தலையில கைய வெச்சுக்கறீங்க என்று கேட்டு முடிப்பதற்குள் இன்னொன்று நின்றது. அமிர்தம் டீச்சருக்கு, மேலுதடு என்ற ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. பெண் பார்க்கப் போவதற்கு முந்தின நாள் யாரோ ஒருத்தன் மூன்று தடவை ஃபேஷியல் செய்துகொண்டு கன்னம் வெந்து அழுதான் என்று ஆரம்பித்தபோது, கிருபாகரன் கடையிலிருந்த பென்டிரைவை எல்லாம் அள்ளிச் சாக்கடையில் கொட்டினான். பெயர் சொல்லாமலே மற்றவர்களும் அணைத்தார்கள், அழித்தார்கள், சிலர் பயத்தில் கம்ப்யூட்டரையே உடைத்தார்கள். பம்மலில் லைசென்ஸுக்கு அவ்வளவு மரியாதை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது: இப்போது அவளை ஓட்ட யாரும் இல்லை. பார்லரில் நாற்காலி காலி. காற்று அவளை ஓடுபாதைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனது, கடலிலிருந்து திரும்பின முதல் விமானம் அதே வழியில் இறங்கிக்கொண்டிருந்தது.

கீழே டெஸ்மண்ட் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். இஞ்சின் ஓட்டின கையால் கம்பைப் பிடித்து நேராகவே கொண்டுபோனார், அவருக்குத் தெரிந்தது அதுதான். தண்டவாளம் போட்ட மாதிரி நேராக, விமானத்துக்கு எதிரே. கோமளவல்லி கண்ணை மூடவில்லை. அது பெரிதாகிக்கொண்டே வந்தது, வயிறு இல்லை, முகம்: தட்டையான மூக்கு, தூக்கம் கெட்ட கண்கள் மாதிரி ரெண்டு பக்கம் கண்ணாடி, ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பையனைப் போலக் கொஞ்சம் பயந்த முகம். கண்ணாடிக்குப் பின்னால் பைலட் ஒரு பெண். அவளுடைய ஒரு புருவம் சரியாகவும் ஒரு புருவம் மேலே ஏறியும் இருந்தது. எந்தப் பார்லரில், எந்த விமானம் போகும்போது இழுத்துத் தொலைத்தார்களோ.

அப்போது பார்லரில் டெஸ்மண்ட், வாழ்க்கையில் முதல் தடவையாக, யாரும் போட்டுவைக்காத வழியில், தன் கையால் இடது பக்கம் திருப்பினார்.

விமானம் வலது தோளை ஒட்டிக் கடந்து போனது, அதன் முதுகையும் பார்த்தாள், ஒரே புறா எச்சம். ஏரியைச் சுற்றி, சர்ச்சைச் சுற்றி, பார்லர் வாசலில் அவர் அவளை இறக்கின விதத்தில் ஒரு கிளிப்கூடக் கழலவில்லை. அவள் உள்ளே வந்தபோது அவர் இன்னும் கம்பை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார், டோரீன் பின்னால் நின்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விமானத்தின் மூஞ்சி எப்படி இருந்தது என்று அவர் கேட்பார், சொல்லலாம் என்று கோமளவல்லி மூச்சு வாங்க நின்றாள்.

அவர் கேட்டது வேறு.

"லெஃப்ட்ல சரியாத் திருப்பினேனாம்மா?"

"நல்லாத் திருப்பினீங்க அங்கிள்," என்றாள். "ரொம்ப நல்லாத் திருப்பினீங்க."

டெஸ்மண்ட் எழுந்து வாஷ்பேசினுக்குப் போனார். குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். தண்ணி லாரி வராத நாள் என்றாலும் யாரும் குழாயை மூடச் சொல்லவில்லை.